தீபாவளிப் பயணத்தோடு நாய்க்குட்டியையும் அழைத்து வரலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணவர் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8 வயது. நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த நாய்க்குட்டியை இந்த ஆண்டு வாங்கித் தருவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம். கிள்ளானில் என் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பொமரேனியன் கலப்பு நாய் ஒன்று நான்கு குட்டிகள் ஈன்றிருக்கிறது. தீபாவளிக்கு நாங்கள் அங்கே போகும்போது குட்டிகளுக்கு 6 வாரம் ஆகியிருக்கும். "சோறு தின்னத் தொடங்கிவிட்டது, திரும்பும்போதே எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார் அந்த வீட்டுக்காரர். டிசம்பர் நடுவில் நாங்கள் நால்வரும் 12 நாள் தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போகிறோம். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அந்த நாட்களில் குட்டியைத் தோட்டத்தில் இருக்கும் என் மாமியாரிடம் விட்டுச் செல்லலாம் என்று நினைக்கிறோம். அவருக்கு வயது 71. லயத்து வீட்டில் தனியாக இருக்கிறார். அவருக்கும் துணையாக இருக்கும். 6 வாரக் குட்டியைக் காரில் அவ்வளவு தூரம் கொண்டுவரலாமா? எப்படிக் கொண்டுவருவது? வழியில் தாப்பாவில் நிறுத்தி, சற்று நேரம் இறக்கி நடக்க விடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். தீபாவளி முடிந்து திரும்பும் காரில் அந்தக் குட்டியை ஏற்ற வேண்டாம். தமிழ்நாட்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பிய பிறகு, டிசம்பர் கடைசியில், அதற்காகவே ஒரு நாளை ஒதுக்கிக் கிள்ளானுக்குப் போய் அழைத்து வாருங்கள். பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பதை அறிவேன். ஆனால் உங்கள் வீட்டுப் பயண நாட்களையும் அந்தக் குட்டியின் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடையில் எந்த நாளில் அழைத்து வந்தாலும் அது தவறான நாளாகவே அமைகிறது. எதனால் அப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

6 வாரக் குட்டி சோறு தின்னும் என்பது உண்மைதான். ஆனால் தாயிடமிருந்து அதற்குக் கிடைக்க வேண்டியது உணவு மட்டுமன்று. உடன்பிறந்த குட்டிகளோடு உருண்டு விளையாடும்போது ஒன்று மற்றொன்றை அழுத்திக் கடித்துவிட்டால், கடிபட்டது வீறிட்டுக் கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் உறுமி அடக்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அடக்கத்தை நாய் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். அதைக் கற்காமல் வரும் குட்டி, ஊசி போன்ற பால்பற்களோடு உங்கள் 8 வயது மகளின் கையில்தான் அந்தப் பாடத்தைத் தொடங்கும். குறைந்தது 8 வாரம் தாயோடு இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம். பொமரேனியன் போன்ற சிற்றினக் குட்டிகளுக்கு அதற்கு மேலும் சில வாரங்கள் கிடைத்தால் நல்லதே. அதிலும் தீபாவளி நேரம். முதல் முறையாகத் தாயைப் பிரிந்து வரும் ஒரு குட்டியின் காதில் விழும் முதல் ஓசை பட்டாசாகவும், அது பார்க்கும் முதல் மனிதர் கூட்டம் விருந்தினர் கூட்டமாகவும், கீழே சிந்தி அது நக்கும் முதல் உணவு ஆட்டிறைச்சிக் குழம்பாகவும் இருக்கக் கூடாது. இந்த வயதில் மனத்தில் பதியும் அச்சம் எளிதில் நீங்குவதில்லை.

இனித் தடுப்பூசிக் கணக்குக்கு வருகிறேன். என் மறுப்புக்கு அடிப்படை அதுதான். பிறந்த முதல் நாளில் தாய் கொடுக்கும் சீம்பாலின் வழியாக, நோய்களை எதிர்க்கும் சக்தி குட்டியின் உடலுக்குள் செல்கிறது. அந்தச் சக்தி நிலையானதன்று. ஆறாவது வாரத்துக்கும் பதினாறாவது வாரத்துக்கும் இடையில் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாயிடமிருந்து வந்த சக்தி உடலில் மிச்சம் இருக்கும்வரை, நாம் போடும் ஊசி மருந்தையும் அதுவே முறியடித்துவிடும். அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீர்ந்துபோகும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 8 வாரத்தில் ஓர் ஊசி, 12 வாரத்தில் ஓர் ஊசி, 16 வாரத்தில் ஓர் ஊசி என்று திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரே ஊசி போட்டுவிட்டு, "ஊசி போட்டாயிற்று, எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்" என்று நம்புகிறவர்கள் பலர். தாயின் சக்தி தீர்ந்து, ஊசியின் சக்தி இன்னும் வராத அந்த இடைவெளியில் குட்டி எந்தக் காப்பும் இல்லாமல் இருக்கும்.

அந்த இடைவெளியில் நாங்கள் மிகவும் அஞ்சுவது பார்வோ என்னும் குடல் வைரஸை. இந்த வைரஸ் தொற்றிய நாயின் மலத்தில் வெளியேறி, மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். அந்த நாயைக் குட்டி பார்க்கவே வேண்டியதில்லை. அது போன இடத்தின் மண் நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும். தொற்றிய 3 முதல் 7 நாட்களுக்குள் குட்டி சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், பிறகு நாற்றமெடுக்கும் இரத்தக் கழிச்சல் தொடங்கும். ஒரு கிலோ எடைகூட இல்லாத குட்டி, உடலிலுள்ள நீரை இழந்து இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடக்கூடும். உடனே மருத்துவமனையில் சேர்த்து நரம்பின் வழியாக நீர் ஏற்றினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டில் வைத்துக்கொண்டு அரிசிக் கஞ்சி கொடுத்துக் காத்திருந்தால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

இப்போது உங்கள் நாட்காட்டியைப் பாருங்கள். தீபாவளியன்று குட்டிக்கு 6 வாரம். நவம்பர் கடைசியில் 8 வாரம். நீங்கள் விமானம் ஏறும்போது ஏறக்குறைய 11 வாரம், அதாவது முதல் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் நடுவில். 8 வாரத்தில் அழைத்து வந்தாலும், உங்கள் வீட்டு வாசனையையும் குரல்களையும் பழகிக்கொண்டு, எங்கே சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதை அரைகுறையாகக் கற்றிருக்கும் நேரத்தில் அதை மீண்டும் பெயர்த்து வேறொரு வீட்டில் விடுவீர்கள். 12 நாள் கழித்து அங்கிருந்தும் பெயர்ப்பீர்கள். ஒரு மாதத்துக்குள் மூன்று வீடு மாறும் குட்டிக்கு எது தன் வீடு என்றே தெரியாமல் போகும். கட்டணம் வாங்கிக்கொண்டு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதிகளும் இந்த வயதுக்கு ஏற்றவை அல்ல. ஊசி முழுமையாகப் போடாத குட்டியை நல்ல விடுதி எதுவும் சேர்த்துக்கொள்ளாது, சேர்த்துக்கொள்ளும் விடுதியில் நீங்கள் விடக் கூடாது.

உங்கள் மாமியாரிடம் விடுவது பற்றி எழுதியிருந்தீர்கள். அவருக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்த உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் தோட்டத்து லயம், 11 வார நாய்க்குட்டிக்கு நம் ஊரில் மிகவும் ஆபத்தான இடங்களில் ஒன்று என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

செம்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லைக்காக மரத்தடியில் மெழுகுக் கட்டிகளாக எலி மருந்து வைக்கிறார்கள். இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்லும் மருந்து அது. எலிக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தானியம் கலந்து செய்யப்படுவதால் குட்டிக்கும் அதன் சுவை பிடித்துவிடும். அதன் கொடுமை என்னவென்றால், தின்ற அன்றும் மறுநாளும் குட்டி வழக்கம்போல் ஓடியாடும். 3 முதல் 5 நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், வயிற்றுத் தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும், மூச்சு இரைக்கும். கிளினிக்குக்குக் கொண்டுவருகிறவர்கள், "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது டாக்டர், எதையும் தின்றதை நாங்கள் பார்க்கவில்லை" என்றே சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இருக்காது. இதற்கு வைட்டமின் கே1 என்ற நல்ல மாற்று மருந்து இருக்கிறது. பல வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால் குட்டி தேறிவிடும். ஆனால் எலி மருந்தைத் தின்றதை யாராவது பார்த்திருக்க வேண்டும், அல்லது ஈறு வெளுத்த அன்றே டவுனுக்குக் கொண்டுவர வாகனம் இருக்க வேண்டும். தனியாக இருக்கும் 71 வயது அம்மையாரால் இந்த இரண்டும் இயலுமா என்று எண்ணிப் பாருங்கள்.

எலி மருந்து ஒரு பக்கம். எலி மற்றொரு பக்கம். நவம்பர், டிசம்பர் மாத மழையில் வாய்க்காலிலும் பள்ளத்திலும் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்து பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய் நாய்களுக்கு வரும், அவற்றிடமிருந்து மனிதருக்கும் வரும். மலாயில் 'கென்சிங் திக்கூஸ்' என்று பத்திரிகைகள் எழுதும் நோய் இதுதான். குட்டியின் சிறுநீரைத் துடைக்கும் முதியவருக்கு இது ஒரு பொருட்படுத்தத் தக்க அபாயம். லயத்துப் பின்புறம் கட்டுப்பாடின்றித் திரியும் நாய்களால் வரும் பார்வோ, உண்ணி, கொக்கிப்புழு, களைக்கு மருந்து அடித்த புல், கோழிக்கூண்டைச் சுற்றும் நாகம் ஆகியவற்றை விரித்து எழுதத் தேவையில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இவை தெரியும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். குட்டி எப்போதும் காலைச் சுற்றியே ஓடும். ஈரமான சிமெண்டுத் தரையில் அதில் தடுக்கி விழுந்து முதியவர் ஒருவர் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், உங்கள் கோயில் பயணம் பாதியில் நின்றுவிடும். உங்கள் மாமியாருக்குத் துணை வேண்டும் என்றால், குட்டி வளர்ந்து பழகிய பிறகு, வார இறுதிகளில் நீங்கள் எல்லோரும் அதை அழைத்துக்கொண்டு போய் அவரோடு இருங்கள்.

ஆகவே கிள்ளான் வீட்டுக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: குட்டியை எங்களுக்கென்று உறுதி செய்துவிடுகிறோம், 13 வாரம் வரை தாயோடு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், அதுவரை ஆகும் தீனிச் செலவையும் ஊசிச் செலவையும் நாங்கள் தந்துவிடுகிறோம். தீபாவளிக்குப் போகும்போது நேரில் பேசிவிடலாம். உங்கள் நாத்தனார் பக்கத்து வீட்டில் இருப்பது பெரிய வசதி. நான்கு குட்டிகளில் எது என்று பிள்ளைகள் அப்போதே தேர்ந்தெடுக்கலாம், பெயரும் வைத்துவிடலாம். பெயர் வைத்துவிட்டுக் காத்திருப்பது, வாக்கு பொய்த்துவிட்டது என்ற எண்ணத்தைப் பெரும்பாலும் போக்கிவிடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏறத்தாழ 3 வாரம் முதல் 14 வாரம் வரை உள்ள காலத்தில்தான் குட்டி உலகத்தை அறிந்துகொள்கிறது. அந்த நாட்களில் எதையெல்லாம் அச்சமின்றிக் கண்டும் கேட்டும் பழகுகிறதோ, அதையெல்லாம் பிற்காலத்திலும் இயல்பாக எடுத்துக்கொள்ளும். ஆகவே கிள்ளானில் அது வீட்டுக்குள், மனிதர்களோடு வளர வேண்டும். பின்கட்டில் கூண்டில் அடைத்து வைத்திருக்கும் வீடு என்றால் என் ஆலோசனை மாறிவிடும். குக்கர் விசில், மிக்ஸி, மோட்டார் சைக்கிள், தொப்பி அணிந்தவர், குடை பிடித்தவர், சிறு பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் நாளுக்குச் சிறிது அது பார்க்கட்டும். ஊசி முடியாததால் பொதுத் தரையில் இறக்கக் கூடாது, ஆனால் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று தெருவைக் காட்டலாம். 8 வாரத்திலும் 12 வாரத்திலும் ஊசிக்காகக் காரில் கிளினிக்குக்குப் போகும் அந்தச் சிறு பயணங்களே உங்கள் நீண்ட பயணத்துக்கு ஒத்திகையாகவும் அமையும். அதற்கென இடையில் சில முறை பத்து நிமிடம் காரில் சுற்றிவரச் சொல்லுங்கள். உங்கள் நாத்தனாரோ அவர் பிள்ளைகளோ இதைச் செய்ய மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்குப் போகும்போது, உங்கள் பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் உடுத்தித் துவைக்காத பழைய சட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் குட்டியின் படுக்கையில் போட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் திரும்பிப் போகும்போது உங்கள் வாசனை அதற்குப் புதிதாக இருக்காது.

வீட்டுக்காரர் அதுவரை வைத்துக்கொள்ள முடியாது என்று மறுத்தால், அந்தக் குட்டி வேறு நல்ல வீட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிடுவதே சரி. கடிதத்தின்படி டிசம்பரில் நீங்கள் நால்வருமே போகிறீர்கள். ஒருவேளை உங்கள் கணவர் தங்கினாலும் அவர் காலையில் ஈப்போவுக்குப் போய் மாலையில்தான் திரும்புவார். இந்த வயதுக் குட்டியால் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது, நாளுக்கு நான்கு முறை உணவும் வேண்டும். ஜனவரியில் ஈப்போவில் உள்ள விலங்குக் காப்பகங்களுக்குப் போய்ப் பாருங்கள். வீடு தேடும் குட்டிகளுக்கு நம் மாநிலத்தில் என்றுமே பஞ்சமில்லை.

இனி உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். வார இறுதியையும் விடுமுறை நெரிசலையும் தவிர்த்து வாரநாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் நாத்தனார் வீட்டில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் புறப்படுங்கள். காலையில் புறப்படச் சொல்வதற்குக் காரணம் வெயில் மட்டுமன்று. நண்பகலுக்குள் வீடு சேர்ந்தால், இருட்டுவதற்குள் குட்டி புதிய வீட்டைச் சுற்றிப் பார்க்கவும், ஒரு முறை உண்டு உறங்கி எழவும் நேரம் கிடைக்கும். முதல் இரவின் அழுகை அதனால் பாதி குறையும். நாத்தனார் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு நெருக்கி உட்கார வேண்டாம். ஒருவர் ஓட்ட, மற்றொருவர் பின்னிருக்கையில் குட்டியின் அருகில் இருந்தால் போதும். பிள்ளைகள் வருவதானால் கூண்டைத் திறக்கக் கூடாது என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

கூண்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் மூன்று பக்கம் காற்றுத் துளைகள் உள்ளதாக இருக்கட்டும். குட்டி நின்று, திரும்பி, படுக்கும் அளவு போதும். அதைவிடப் பெரிதானால் பிரேக் போடும்போதெல்லாம் உள்ளே உருளும். அடியில் பழைய செய்தித்தாளை நான்கைந்து மடிப்பாக விரித்து, அதன்மேல் துண்டு, துண்டின்மேல் தாயும் குட்டிகளும் படுத்த துணி. இதே அடுக்கு இன்னும் இரண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டால், வாந்தி எடுத்ததும் மேலடுக்கை அப்படியே சுருட்டி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கூண்டை முன்னிருக்கைக்குப் பின்னால், இடது பக்கத் தரையில் அசையாமல் பொருத்துங்கள். காலையில் வடக்கு நோக்கி வரும்போது வெயில் ஓட்டுநர் பக்கமாகத்தான் விழும். இடது பக்கம் நிழலாக இருக்கும். முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு வருவதைப் பலர் அன்பு என்று நினைக்கிறார்கள். காற்றுப்பை விரிந்தால் குட்டி நசுங்கிவிடும், ஓட்டுநரின் காலடிக்குத் தாவினால் எல்லோருக்கும் ஆபத்து.

புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு வழக்கமான உணவில் பாதியளவு கொடுக்கச் சொல்லுங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு வெறும் வயிறு நல்லது என்பார்கள். பொமரேனியன் கலந்த சிறு குட்டியை நெடுநேரம் பட்டினி போட்டால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து தள்ளாடும், கண் சொருகும். அப்படி நேர்ந்தால் விரல் நுனியில் தேனைத் தொட்டு ஈறில் தடவிவிட்டு, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் நேரே போங்கள். சிறு புட்டியில் தேன் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. குட்டி உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, அடிக்கடி விழுங்கினாலோ, எச்சில் நூலாக ஒழுகினாலோ வாந்தி வரப்போகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, கூண்டின் பக்கங்களை மெல்லிய துணியால் மூடி, குளிர்க் காற்று நேராகப் படாமல் மிதமாக வையுங்கள். குட்டிக்குப் பயணத்தில் வாந்தி வருவது இயல்பு. வளர வளரப் பெரும்பாலானவற்றுக்கு நின்றுவிடும். நமக்கென்று வைத்திருக்கும் பயண மாத்திரையையோ பனடோலையோ உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால், 12 வார ஊசிக்குப் போகும்போது அந்த மருத்துவரிடமே கேட்டு, எடைக்கு ஏற்ற மருந்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தாப்பாவில் நிறுத்துங்கள், ஆனால் குட்டியைத் தரையில் விடாதீர்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களின் புல்வெளிக்கு எந்த ஊர் நாயெல்லாம் வந்து போகிறதோ யாரும் அறியார். பார்வோ மண்ணில் தங்கும் என்று மேலே எழுதியது அங்கேயும் பொருந்தும். 13 வாரத்தில் இரண்டு ஊசி போட்டிருந்தாலும் மூன்றாவது முடியும்வரை இந்த எச்சரிக்கையைக் கைவிட வேண்டாம். கார்க் கதவுகளைச் சாத்திவிட்டு, உள்ளேயே பின்னிருக்கைத் தரையில் செய்தித்தாள் விரித்து, கூண்டைத் திறந்து, கழுத்துப்பட்டையும் வாரும் மாட்டிய நிலையில் பத்து நிமிடம் விடுங்கள். சிறிது தண்ணீர் கொடுங்கள். நீங்கள் பசியாறப் போக வேண்டும் என்றால் ஒருவர் மாற்றி ஒருவராகப் போங்கள். எஞ்சின் அணைத்த காரில், கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தாலும், குட்டியைத் தனியே விடக் கூடாது. வெளியே 32 டிகிரி வெயில் இருந்தால் பத்தே நிமிடத்தில் காருக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்க்காது. இரைப்பதன் மூலமே உடல் சூட்டைத் தணிக்கும். உள்ளே இருக்கும் காற்றே சூடாகிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாய்மேல் ஆசை பொங்கியிருக்கும் இரண்டு பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போகிறீர்கள். அங்கே கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் படுத்திருக்கும் குட்டிகளை அவர்கள் தொடத்தான் நினைப்பார்கள். இந்தியாவில் வெறிநாய்க்கடி நோய் இன்றும் பரவலாக இருக்கிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. நம் நாட்டிலும் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் மனித உயிர்களையும் பறித்துவருகிறது. நாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ, காயத்தில் நக்கினாலோ அந்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட வேண்டாம். பயணத்தில் அணிந்த செருப்புகளையும் காலணிகளையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு குளோராக்ஸுக்கு 30 பங்கு தண்ணீர் என்று கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்துக் காயவைத்த பிறகே குட்டியை அழைத்துவரப் புறப்படுங்கள். செருப்பை வாசலில் கழற்றிவிடும் நம் வழக்கம் நல்ல வழக்கம்; ஆனால் குட்டி வாசலுக்கு வந்ததும் முதலில் மோந்து கடிப்பது அந்தச் செருப்பைத்தான். ஆகவே எட்டாத உயரத்தில் ஓர் அடுக்குப்பலகை பொருத்திவிடுங்கள்.

வீடு சேர்ந்த பிறகு முதல் வாரத்துக்கு எந்தப் பயணமும் வேண்டாம், விருந்தினரும் வேண்டாம். பள்ளி திறப்பதற்கு முன் உங்களுக்கு அந்த ஒரு வாரமாவது கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கிள்ளானில் தின்ற அதே தீனியில் ஒரு பை வாங்கி வந்து, ஒரு வாரம் அதையே கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக மாற்றுங்கள். நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டியது சட்டம். உங்கள் வட்டாரத்து நகராண்மைக் கழகத்தில், உங்கள் வீட்டு வகைக்கு எத்தனை நாய் வளர்க்கலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உங்கள் தாமானில் பக்கத்து வீட்டார் முஸ்லிம்களாக இருந்தால், குட்டி வரப்போவதை அவர்களிடம் முன்னமே மரியாதையாகச் சொல்லிவிட்டு, வேலிக்கடியில் இருக்கும் இடைவெளிகளை அடைத்துவிடுங்கள்.

குட்டி வந்த மூன்று நாட்களுக்குள் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். கிள்ளான் கிளினிக் தந்த ஊசி அட்டையையும், எந்தெந்தத் தேதியில் குடற்பூச்சி மருந்து கொடுக்கப்பட்டது என்ற குறிப்பையும், அன்று காலை மலத்தில் சிறிதளவு ஒரு மூடிய டப்பாவில் எடுத்தும் கொண்டுபோங்கள். 16 வார ஊசிக்கான தேதியை அங்கேயே குறித்து வாங்கி வந்துவிடலாம்.